கலைத்துப் போட்ட கணக்குகள்

அப்பாவின் இடது கன்னத்தை மழித்து முடித்து, வலது பக்கம் திருப்புவதற்காகக் காரின் அவர் தாடையைப் பிடித்தபோது அவர் கண்ணைத் திறந்தார். இரண்டு நாளாகவே அவ்வப்போது திறந்து மூடிய கண்தான். ஆனால் இப்போது அது அவளைப் பார்த்தது.

"பிளேடு புதுசா?" என்றார்.

"புதுசுதான்ப்பா."

"பழசுன்னா சொல்லிடு. நானே செத்துக்கறேன்."

காரினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காலையில் வந்த நர்ஸ் இதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "சில பேருக்குக் கடைசியில கொஞ்ச நேரம் நல்லாத் தெளியும். பேச வேண்டியது இருந்தா அப்பப் பேசிடுங்க." அம்மா லோயிஸ் அதைக் கேட்டுவிட்டு நாற்காலியை விட்டு நகர மாட்டேன் என்று அடம் பிடித்தாள். மூன்று ராத்திரி தூங்காதவள். காரின்தான் அவளை வற்புறுத்தி மாடிக்கு அனுப்பினாள். "கண்ணு தெறந்தா ஒரு குரல் குடு, ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா படியேறினாள். அனுப்பியபோது காரினுக்கு உள்நோக்கம் எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் அது அவளுக்கே தெரியாது.

மாடிப்படி பக்கத்திலேயேதான் இருந்தது. எழுந்துகூடப் போக வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டிருக்கலாம். அவள் கூப்பிடவில்லை.

ஆர்டன் லுண்டீன் அந்த ஊர்க் கல்லூரியில் ஒரு தலைமுறைக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். ஊருக்கு வெளியே அவர் பெயர் தெரிந்ததெல்லாம் அவருடைய நுண்கணிதப் புத்தகத்தால்தான். அது இப்போது ஏழாம் பதிப்பில் இருந்தது. விலை முந்நூறு டாலரைத் தொட்டுவிட்டது. நுண்கணிதம் என்னவோ முந்நூறு வருஷமாக ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் மாணவர்கள் பழைய புத்தகத்தைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டு பதிப்பகத்தின் வயிற்றில் அடித்துவிடுவார்களே. அதனால் பாடத்தைத் தொட மாட்டார்கள். பாடத்துக்குப் பின்னால் வரும் கணக்குகளின் வரிசையை மட்டும் மாற்றுவார்கள். ஆசிரியர் "பதினேழாவது கணக்கைப் போட்டு வா" என்றால், பழைய புத்தகக்காரன் வேறு எதையோ போட்டுக்கொண்டு வந்து நிற்பான்.

அந்த வேலை நடந்ததெல்லாம் இந்த அறையில்தான், இப்போது அப்பாவின் கட்டிலுக்காகச் சுவரோரம் தள்ளி வைத்திருக்கிற சாப்பாட்டு மேசையில். ஒவ்வொரு கணக்கும் ஒரு அட்டை. அப்பா சீட்டுக்கட்டைப் போல் பிரித்துக் கொடுப்பார். காரினும் தம்பி கிர்க்கும் கலைப்பார்கள். அம்மா எல்லோருக்கும் சோளப்பொரி பொரித்துக் கொண்டுவருவாள். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்த ராத்திரிகளை எண்ணினால், அதில் பாதி இந்தத் திருட்டு வேலையில்தான் வரும். காரின் இப்போது அதைத் திருட்டு என்றுதான் சொல்வாள். அன்றைக்கு அது விளையாட்டு.

வளர்ந்த பிறகு அவளும் கணக்கு டீச்சராகத்தான் போனாள், ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள இரண்டு வருஷக் கல்லூரிக்கு. அங்கே வருகிறவர்கள் வான்கோழி இறைச்சி ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர்கள். முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றிவிட்டு வருகிறவர்கள். ஹோதன் என்று ஒரு பெண். நூலகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கொடுக்கிற ஒரே பிரதியை வாங்கி, பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுப்பாள். அவசரத்தில் பாதிப் படங்களில் அவளுடைய கட்டைவிரலே ஒரு கணக்கை மறைத்திருக்கும். அந்தக் கணக்கை மட்டும் விட்டுவிட்டு வீட்டுப்பாடம் கொண்டுவந்து நீட்டுவாள். "விரல் விழுந்துடுச்சு மிஸ்" என்பாள். அட்டையில் தன் அப்பாவின் பெயர் இருக்கிற புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காரின் அதற்கு என்ன பதில் சொல்வாள்?

அவள் செய்தது இதுதான். புதுப் பதிப்பின் எந்தக் கணக்கு பழைய பதிப்பில் எங்கே இருக்கிறது என்று ஒரு அட்டவணை போட்டு மாணவர்களுக்குக் கொடுத்தாள். இருபது டாலருக்குக் கிடைக்கிற பழைய புத்தகமே போதுமென்று ஆயிற்று. அட்டவணை கல்லூரி கல்லூரியாகப் பரவி, பதிப்பகத்து ஆள் ஒருவன் மூலம் அப்பாவின் காதுக்கும் போனது. அவர் போன் செய்தார். "நான் கலைச்சுப் போடறதை நீ அடுக்கி வைக்கிறியா, டீச்சரம்மா?" என்றார். கேலி போலத்தான் இருந்தது. அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் போனுக்கு வரவே இல்லை.

ஆனால் அதற்கும் முந்தைய புத்தகம் ஒன்று உண்டு. பெரிய பதிப்பகம் வருவதற்கு முன் கல்லூரி அச்சகத்தில் கம்பிச் சுருள் போட்டு, காகித விலைக்கு விற்ற முதல் பதிப்பு. அதில் கணக்குகளெல்லாம் தானியக் கிடங்கும் சாணக் குட்டையும் கூரையில் சேரும் பனியுமாக இருக்கும். அதன் உரிமை இன்னும் அப்பாவிடமே இருந்தது. அதை இணையத்தில் இலவசமாகப் போட விட்டால் போதும், ஹோதன் போன்றவர்கள் ஒரு காசு கொடுக்க வேண்டாம். இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பார்க்கலாம்" என்பார். அவர் போனால் உரிமை அம்மாவுக்குப் போகும். அம்மாவோ, அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லாத எதையும் வீட்டை விட்டு வெளியே விட மாட்டாள். அடுத்த திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம்.

காரின் வலது கன்னத்தையும் மழித்துவிட்டு, வெந்நீர்த் துண்டால் முகத்தைத் துடைத்தாள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"பனியா?"

"ஆமாப்பா. காலையிலிருந்து."

"நல்லா இருக்கு" என்றார். முகத்தைச் சொன்னாரா பனியைச் சொன்னாரா என்று தெரியவில்லை. கையைத் தேடி அவள் கைமேல் வைத்தார். இப்படி அவர் அவள் கையைப் பிடித்து எத்தனையோ வருஷமாயிற்று.

"அப்பா" என்றாள் காரின். "அந்த முதல் பதிப்பு."

அவர் திரும்பினார்.

"அதை இலவசமாப் போட்டுடறேனே. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பசங்க ரொம்பக் கஷ்டப்படறாங்கப்பா."

அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"இதுக்காகவா லோயிஸை மாடிக்கு அனுப்பினே?"

"இல்லப்பா..."

"சரி. குடுத்துடு" என்றார். கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

காரின் படியடிக்கு ஓடி அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா ஒரு காலில் மட்டும் செருப்போடு இறங்கி வந்து, "ஆர்டன், ஆர்டன்" என்று தோளைத் தட்டினாள். மூச்சு மட்டும் பதில் சொன்னது.

சாயங்காலம் கிர்க் வந்து சேர்ந்தான். பில்லிங்ஸ் நகரத்திலிருந்து பனியில் நாள் முழுக்கக் காரோட்டி வந்தவன். டிராக்டர் விற்கிற வேலை, கனத்த உடம்பு, மெல்லிய மனசு. சின்ன வயசிலிருந்து "கிர்க்குக்கு அட்டை கலைக்க மட்டும்தான் வரும்" என்று அப்பா சொல்லிச் சொல்லி அது வீட்டு நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. கிர்க்கும் கூடச் சேர்ந்து சிரிப்பான். கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். தலையைத் தூக்காமலே கேட்டான்.

"தெளிஞ்சாராமே. அம்மா சொன்னா. என்ன பேசினார்?"

அம்மாவும் அவளைப் பார்த்தாள்.

"ரெண்டு வார்த்தைதான். அம்மாவைக் கூப்பிடறதுக்குள்ள தூங்கிட்டார்."

"என்னைக் கேட்டாரா?" கிர்க் இப்போது தலையைத் தூக்கினான்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து யார் சொல்வார்கள்?

"கேட்டார். 'கிர்க் எங்க வந்துட்டிருக்கான்'னார். 'ரோடெல்லாம் ஐஸு, அவசரப்படாம வரச் சொல்லு'ன்னார்."

கிர்க் அப்பாவின் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய முதுகு குலுங்குவதைக் காரின் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே, "பாத்தியா, பாத்தியா" என்றாள். பொய் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

மறுநாள் விடியும் நேரத்தில் அப்பா போய்விட்டார். வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகுதான் காரினுக்குத் தன் சிக்கல் முழுசாகப் புரிந்தது. அப்பா சரி என்றதை அம்மாவிடம் சொல்ல வேண்டுமானால், அந்தக் கொஞ்ச நேரத்தை எதற்குச் செலவு செய்தாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏன் கூப்பிடவில்லை என்பதையும். சொல்லாவிட்டால் அப்பாவின் சரி அவளோடேயே புதைந்துபோகும். ஹோதன் தன் கட்டைவிரலைப் படம் எடுத்துக்கொண்டே இருப்பாள்.

சர்ச்சில் பாஸ்டர் அந்தப் பொய்யையே பிரசங்கமாக்கிவிட்டார். மூச்சு நிற்கப் போகும் நேரத்திலும் மகன் வரும் பாதையை நினைத்த தகப்பன் என்று உருக்கமாகப் பேசினார். யார் சொன்னது அவருக்கு? கிர்க்தான். முன்வரிசையில் பலர் கைக்குட்டையை எடுத்தார்கள். காரின் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் தன்னை அவ்வளவு வெறுத்தாள்.

எல்லாம் முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் வைத்த பன்னும் உருளைக்கிழங்கு சாலடும் சிவப்பு ஜெல்லியும் தீர்ந்து, ஊர்ச் சனம் காபி குடித்துக்கொண்டிருந்தது. சமையலறையில் அம்மா, யார் சொல்லியும் கேட்காமல், பாத்திரம் துடைக்க நின்றுவிட்டாள். புருஷனைப் புதைத்த அன்றைக்கு நீ எதற்கு என்று விரட்டிய பெண்களை அவள் விரட்டிவிட்டாள். கழுவும் இடத்தில் காரின் நின்றாள். வேறு யாரும் இல்லை.

"அம்மா. அப்பா கிர்க்கைப் பத்திக் கேக்கல."

அம்மா துடைத்த தட்டை அடுக்கில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"நான் அந்த முதல் பதிப்பைத்தான் கேட்டேன். இலவசமாக் குடுக்கலாமான்னு. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடல. நீ வந்தா 'இப்பவா இதைப் பேசறது'ன்னு தடுத்துடுவியோன்னு பயம். பேசி முடிச்சுட்டுக் கூப்பிடலாம்னு நெனச்சேன்ம்மா. இன்னும் நேரம் இருக்கும்னு நெனச்சேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கையை நீட்டி அதை மூடினாள்.

"தடுத்திருப்பேன்" என்றாள்.

காரின் தண்ணீருக்குள் கையை வைத்தபடியே நின்றாள்.

"என்ன சொன்னார்?"

"சரின்னார். குடுத்துடுன்னார்."

"வேற?"

இதையும் மறைக்கலாம். ஆனால் இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பு இல்லை. "'இதுக்காகவா லோயிஸை மாடிக்கு அனுப்பினே'ன்னு கேட்டார்."

அம்மா துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். கன்னத்தில் விழப்போகிற அறைக்குத் தயாராகத்தான் காரின் நின்றாள்.

"அப்போ என் பேரைச் சொன்னார்" என்றாள் அம்மா.

"சொன்னார்ம்மா."

"லோயிஸ்னு."

"லோயிஸ்னுதான்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். மூக்கைத் துணியாலேயே துடைத்துக்கொண்டாள். "அவர் சரின்னார்னா சரி. போட்டுடு. படிக்கட்டும் பசங்க." பிறகு, குரலைத் தாழ்த்தி, "கிர்க்குக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்றாள். "உன்னை நான் மன்னிக்கறதெல்லாம் அப்புறம். இன்னிக்கு என்னால ஆகாது."

காரின் சரி என்றாள். கேட்டது கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்பில் அதைச் சொல்லும்போது கைதட்டல்கூடக் கிடைக்கும். அவள் குழாயை மறுபடி திறந்து அடுத்த தட்டைக் கழுவ எடுத்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு கிர்க் வந்தான். அவன் பின்னால் அப்பாவின் தங்கை வெர்னா அத்தை, தடி ஊன்றி. காது மந்தம், மேலே பிரசங்கம் எதுவும் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

"காரின், அத்தைக்கு நீயே சொல்லேன்" என்றான் கிர்க். கண் சிவந்திருந்தது, ஆனாலும் முகம் தெளிந்திருந்தது. "நான் ஆரம்பிச்சா அழுதுடறேன். அப்பா என்னைப் பத்திக் கேட்டாரே, அது."

"சத்தமாச் சொல்லுடி" என்றாள் அத்தை.

காரின் கையைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை.

"கிர்க் எங்க வந்துட்டிருக்கான்னு கேட்டார், அத்தை. ரோடெல்லாம் ஐஸா இருக்கு, மெதுவா வரச் சொல்லுன்னார்." கிர்க் இன்னும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவன் நல்லா ஓட்டுவான், வந்து சேர்ந்துடுவான்னார்."

"இதை நீ சொல்லவே இல்லையே" என்றான் கிர்க்.

"இப்பத்தான் ஞாபகம் வந்துது."

அம்மா அடுக்கிலிருந்து, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த ஒரு தட்டை எடுத்து, மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.