மெஷின் வேலை செஞ்சிடுச்சு

தங்கைக்குத் தூக்கத்தில்தான் வலிப்பு வரும். அம்மா போனதிலிருந்து ஒன்பது வருடமாக அக்கா அவள் பக்கத்திலேயே படுத்தாள். கட்டில் லேசாக ஆடினாலும் எழுந்து, அவளை ஒருக்களித்துக் கிடத்தி, அடங்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விடிந்தால் சட்டைக் கம்பெனியில் காலர் தையலைச் சரிபார்க்கிற வேலை. எரிகிற கண்ணோடு கோணல் காலர்களைக் கோட்டைவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். அங்கே கட்டிங் மாஸ்டர் இரண்டு வருடமாகக் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். "பாக்கலாம்" என்பதற்கு மேல் அக்காவிடம் பதில் இல்லை.

அது யாரால் என்று தங்கைக்குத் தெரியும். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை. ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் அவளே போய்ப் பெயர் கொடுத்தாள். ஆபரேஷன் கிடையாது, ஊசி கிடையாது. தூங்கும்போது தலையில் தொப்பி மாட்டி மெல்லிய மின்சாரம் விடுவார்கள். மூளையில் தாறுமாறாகக் கிளம்பும் துடிப்புகள் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். இது வைத்தியம் இல்லை, சோதனை மட்டும்தான் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு மதியத் தூக்கம். டெக்னீசியன் அம்மா முடியைப் பிரித்துப் பிரித்துப் பசை வைத்து ஒயர் ஒட்டுவார். ரெண்டு தடவை தலைக்குக் குளித்தாலும் போகாது, என்னைத் திட்டாதே என்பார். முதல் நாள் தங்கை எழுந்து வெளியே வந்தபோது, வராந்தா நாற்காலியில் அக்கா வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டும் எழவில்லை. உள்ளே வேறு ஆள் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிம்மதி. ஆறு வாரமும் அப்படித்தான்.

அதன்பின் ஏழு வாரம் வலிப்பு வரவில்லை. முடிவு கேட்கத் தங்கை தனியாகப் போனாள். துடிப்புகள் கொஞ்ச நேரத்துக்குக் குறைந்தது உண்மை, ஆனால் இந்த இடைவெளிக்கு அது காரணம் என்று சொல்ல முடியாது, மாத்திரையை விடாதே, தனியாகப் படுக்காதே என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள்: "மெஷின் வேலை செஞ்சிடுச்சு. இனிமே பயமில்லையாம்."

அடுத்த மாதமே கட்டிங் மாஸ்டரோடு அக்காவின் கல்யாணம் முடிந்தது. ஊரின் மறுகோடியில் அவர் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் வாரம் வலிப்பு திரும்பியது. நனைந்த விரிப்பைத் துவைத்துப் போட்டுவிட்டுத் தங்கை கடைக்குப் போனாள். தினமும் காலையில் அக்கா ஃபோனில் நன்றாகத் தூங்கினாயா என்று கேட்பாள். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன் என்பாள் இவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சொல்லாமல் வந்து நின்றாள். கதவைத் திறந்தவளின் பேச்சு குழறியது. அக்கா அவள் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கின் ஓரம் கிழிந்திருந்தது.

"எத்தனை தடவை?"

"நாலு."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான்," என்றாள். "டாக்டருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கல. எனக்குப் போகணும்னு இருந்துச்சுடி."

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் தங்கையின் கட்டில் அக்கா வீட்டு ஹாலுக்குப் போனது. மாமா முகம் சுளிக்கவில்லை, பெட்டிகளை அவரேதான் தூக்கி வைத்தார். அன்றிலிருந்து அவர்கள் படுக்கையறைக் கதவைச் சாத்துவதில்லை. அக்கா காலர்களை மறுபடி கோட்டைவிடத் தொடங்கினாள்.