சொன்ன பேச்சு கேட்கும் மீட்டர்

அவனுக்கு வீட்டில் ஆராய்ச்சி என்று பெயர். வைத்தது மச்சினன். ஆராய்ச்சிக்கு அதில் பெருமை வேறு! கிண்டலைக்கூடப் பட்டமாக வாங்கி மாட்டிக்கொள்கிற மனுஷனை வைத்துக்கொண்டு அவன் மனைவி என்னதான் செய்வாள்?

அவளுடைய அப்பாவுக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. படுத்தபடியேதான் வீட்டுக்குப் போக வேண்டும், குலுங்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார் ஹோம் ஒன்றை ஆராய்ச்சி ஆசைப்பட்டு வாங்கி, மாதக்கணக்கில் வாசலில் சும்மா நிறுத்திவைத்திருந்தான். அதில்தான் பயணம். நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால் அப்பாவின் இடுப்பு என்ன ஆகும் என்று அவளுக்கு ஒரே கவலை.

பின் டயருக்கு எழுபத்தைந்து பவுண்டு காற்று என்று கம்பெனிக்காரனே கதவோரம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். ஆராய்ச்சித் துரைக்கு அது போதுமா?

"அதெல்லாம் சும்மா பொதுவா எழுதுறது. காத்து கம்மியா இருந்தாத்தான் மாமாவுக்கு மெத்துமெத்துன்னு இருக்கும். கணக்குப் போட்டுட்டேன், அறுபத்தஞ்சு. சரிதானே?"

"தொட்டி நெறையத் தண்ணி இருக்கே? பாரமெல்லாம் பின்னாடிதானே?"

"அதையும் சேத்துத்தான் போட்டேன். சரிதானே?"

"சரிதான்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிவருவது அது ஒன்றைத்தான்.

காற்றை அளக்க அவனிடம் மூன்று மீட்டர் இருந்தன. முதல் மீட்டர் நாற்பதைக்கூடத் தொடவில்லை. இரண்டாவதும் அதையேதான் சொன்னது. இரண்டும் டூப்ளிகேட் என்று தூக்கிக் குப்பையில் போட்டான். மூன்றாவது மீட்டர் எந்தச் சக்கரத்தில் வைத்தாலும் கச்சிதமாக அறுபத்தைந்து காட்டியது. "பாத்தியா, இதுதான் மீட்டர்!" என்று அதைத் தட்டிக்கொடுத்தான். தனக்குத் தலையாட்டுகிறவர்களைத்தான் அவனுக்கு என்றைக்கும் பிடிக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஊழியர்கள் இருவர் அப்பாவைத் தூக்கிவந்து வண்டிக்குள் கட்டிலில் படுக்கவைத்தார்கள். மாத்திரைகளை வைக்க அவள் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே அந்த மீட்டர் மல்லாந்து கிடந்தது. எதிலும் மாட்டாமலே அறுபத்தைந்து காட்டியது.

"இது சும்மா கெடக்குறப்பவும் அறுபத்தஞ்சுலயே நிக்குதே?"

"கடைசியா அளந்தத ஞாபகம் வெச்சிருக்கும். நல்ல மீட்டர்னா அப்படித்தான்" என்றான் ஆராய்ச்சி.

முள்ளைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் பட்டனை அமுக்கினாள். முள் அசையவில்லை. விடுவிடுவென்று இறங்கிப்போய், வண்டியின் பின்னால் தொங்கிய சைக்கிளில், காற்றே இல்லாமல் சப்பிக்கிடந்த டயரில் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அறுபத்தைந்து! அட கடவுளே, இதை நம்பியா அப்பாவை ஏற்றினோம் என்று அவளுக்குப் பகீரென்றது.

"அப்படியே என் இடுப்புலயும் ஒரு தரம் வெச்சுப் பாருங்க மாப்ள" என்றார் கட்டிலில் கிடந்த அப்பா. "அங்கயும் அறுபத்தஞ்சுதான் வரும்."

ஊழியர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். அப்பாவைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, அவள் புருஷனிடம் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

தெருமுனை பெட்ரோல் பங்க்குக்கு அவளே வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போனாள். அங்கே பின் டயரில் காற்றுக் குழாயை மாட்டியதும் முப்பத்தெட்டு என்று வந்தது. மூஞ்சியில் ஈயாடாமல் பக்கத்தில் நின்ற ஆராய்ச்சி, கொஞ்ச நேரத்திலேயே தேறிக்கொண்டான்.

"பங்க் மீட்டரெல்லாம் இப்படித்தான், ஏறுக்கு மாறாத்தான் காட்டும். சரிதானே?"

அவளுக்கு அவன்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல்தான் அதிகம் வந்தது. டயரையும் பார்க்காமல் பாரத்தையும் பார்க்காமல், அவன் கேட்டபோதெல்லாம் சரிதான், சரிதான் என்று இத்தனை வருஷமாக அவளும் அறுபத்தைந்தையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பாவைக்கூட அந்தச் சரிதானை நம்பித்தான் ஏற்றினாள். வெட்கமாக இருந்தது.

"தப்பு" என்றாள்.

எழுபத்தைந்து வரும்வரை அவள் காற்றடித்தாள்.