மதுவிலக்குக் குழுவின் ஆய்வு

ஒக்லாந்தில் முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற பெர்னதெற்றை, மகள் ஷாமிலா வைஹீகீ தீவிலுள்ள வைன் தோட்டத்துக்குப் படகில் கூட்டிப்போனாள். தேவாலய மதுவிலக்குக் குழுவின் செயலாளரான பெர்னதெற், "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

இரண்டாவது கிண்ணத்தை ரசித்துக் குடித்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்து மேசையில் குழுத் தலைவி மெற்றில்டா தன் மகளோடு இருந்தார். அவர் முன்னாலிருந்த போத்தலில் பாதி காலி.

"என்ன அக்கா, இஞ்ச?" என்றாள் பெர்னதெற்.

"இளம் பிள்ளையள் என்னத்தைக் குடிக்கினம் எண்டு ஆராய வந்தனான். நீர்?"

"நானும் அதுக்குத்தான்."

"அப்ப ஒண்டாய் ஆராய்வம்" என்று தலைவி கதிரையை இழுத்துப் போட்டார்.

அடுத்த கூட்டத்தில் இருவரும் அறிக்கை வாசித்தார்கள். ஆய்வு முடியவில்லை என்றும், முழுக் குழுவும் தீவுக்குப் போகவேண்டும் என்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.