கறுப்புக் கரை போட்ட கடிதம்

என் மனைவி ஜெகதாம்பாள் இறந்த ஐந்தாம் நாள் நான் அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். ஜெனீவாவிலிருந்து பம்பாய் வரை ஆகாய விமானம். அங்கே ஒரு நாள் காத்திருந்துவிட்டு ரயில். வழி முழுக்க நான் அழவில்லை. இந்த ஊர் தாண்டினால் வந்துவிடும், அடுத்த ஊர் தாண்டினால் வந்துவிடும் என்று எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. விழுப்புரத்தில் இட்லி வாங்கிச் சாப்பிட்டேன். சட்னி பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் குருநாதன். உடையார்பாளையம் பக்கம் பருத்தியும் கம்பும் போட்ட குடும்பம். படித்து, பரீட்சை எழுதி, சென்னைக் கோட்டையில் செயலாளர் நாற்காலி வரை போனவன். யுத்தம் முடிந்த கையோடு முப்பத்தெட்டு நாடுகள் கூடி ஜெனீவாவில் ஒரு சபை ஆரம்பித்தன. சர்க்கார் நடத்துவது எப்படி என்று சர்க்கார்களுக்கே சொல்லிக்கொடுக்கும் சபை. நாற்பத்தாறில் என்னை அங்கே அழைத்துக்கொண்டார்கள். நிர்வாகப் பிரிவுக்கு டைரக்டர். மூன்று வருஷத்தில் இருநூறுக்கு மேல் விதிகள் எழுதினேன். ஒரு விதியிலும் விலக்கு கிடையாது என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

நாற்பத்தொன்பது ஜூன் மாதம் அது. சபையின் துணைத் தலைமைச் செயலாளர் பதவி காலியாக இருந்தது. ஐந்து வருஷ நியமனம். எங்கள் தேசத்துக்காரன் எவனும் அதுவரை அந்த உயரத்துக்குப் போனதில்லை. ஜெகதாம்பாள் இறந்த தந்தி வந்த அன்று தலைமைச் செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “போய்வாருங்கள். கமிட்டி இந்த வாரம் கூடுகிறது. கடிதம் உங்கள் ஊர் விலாசத்துக்கு வரும்” என்றார். அவர் பிடித்த அழுத்தத்திலேயே பதவி எனக்குத்தான் என்று புரிந்துவிட்டது. மனைவி செத்துப்போன செய்தியும் பதவி வரப்போகும் செய்தியும் ஒரே நிமிஷத்தில் வந்தன. எதையும் என்னால் சரியாக உணர முடியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், அவ்வளவுதான்.

அரியலூர் வீட்டில் எனக்கு வேலை எதுவும் இல்லை. கொள்ளியை என் தம்பி சிங்காரவேலு போட்டுவிட்டான். சாம்பலைக் கொள்ளிடத்தில் கரைத்தாகிவிட்டது. என் அக்கா பஞ்சவர்ணம் வந்து அடுப்படியைக் கவனித்துக்கொண்டிருந்தாள். என் மகள் லீலாவதிக்குப் பதினேழு வயது. திருச்சி கான்வென்டில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “வாங்கப்பா” என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவளும் அழவில்லை. வருகிறவர்கள் மட்டும் அழுதார்கள். நாங்கள் இரண்டு பேரும் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம்.

தினமும் பத்து மணிக்குத் தபால்காரர் செல்லதுரை தெருமுனை திரும்புவார். நான் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். உறவுக்காரர்கள் துக்கம் கேட்டு எழுதிய கார்டுகள்தான் வந்தன. தந்தி கொடுத்து விசாரித்திருக்கலாம். ஆனால் எங்கள் உத்தியோகத்தில் பதவியை வாய்விட்டுக் கேட்டவன் கெட்டான். காத்திருக்கத் தெரிந்தவனுக்குத்தான் அது வரும். நான் காத்திருப்பதில் தேர்ந்தவன்.

பதினோராம் நாள் காலையில், சாவைப் பதியப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். முத்துசாமி என்ற குமாஸ்தா ஜனன மரண ரிஜிஸ்டரை விரித்து வைத்திருந்தார். கட்டங்கள் கோணல்மாணலாக இருந்தன. ஸ்கேல் வைத்துக் கோடு போட வேண்டும், வரிசை எண்ணைச் சிவப்பில் எழுத வேண்டும் என்று கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“என்ன சீக்குங்க சார்?”

“காமாலை.”

“எத்தன நாளா இருந்துச்சுங்க?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

“சும்மா, ஒரு உத்தேசமா சொல்லுங்க சார்.”

“தெரியாதுய்யா” என்றேன், கொஞ்சம் அதட்டலாக. ‘சில நாள்’ என்று எழுதிக்கொண்டார். என் மனைவியின் சாவு அரசாங்கப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. வேறொருவன் என் முன்னால் அப்படி நின்றிருந்தால் வெளியே போகச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் கேட்டேன்.

“ரெண்டு மாசம் தம்பி. சித்திரை பொறக்கறதுக்கு முன்னாடியே கண்ணு மஞ்சளாயிடுச்சு.”

“எனக்கு ஏன் எழுதலை?”

“அவதான் எழுதக் கூடாதுன்னுட்டா. ‘முப்பத்தெட்டு நாட்டு வேல அவருக்கு, நான் வேற எதுக்குங்க நடுவுல’ன்னா. நாங்க என்ன பண்றது?” என்ற அக்கா, அதே மூச்சில், “நீ அந்தண்ட போனதும் ஒரு கடுதாசி வந்துச்சு. சுத்தி கறுப்புக் கரை போட்டு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. இன்னொரு சாவான்னு. வூட்டுக்குள்ள கொண்டாராதடின்னு கத்துனேன். லீலாதான் தெருவுலயே நின்னு படிச்சா. ஒங்க ஆபீஸ்ல எவனோ பெரிய வெள்ளக்காரன் செத்துட்டானாம். கிழிச்சுப் போட்டுட்டுக் கால கழுவிட்டு வந்தா” என்றாள்.

எங்கள் பக்கம் சாவுச் செய்தி எழுதிய கடிதத்தில் மூலைக்கு மூலை கறுப்பு மை தடவியிருப்பார்கள். அதை நிலைப்படிக்குள் கொண்டுவரக் கூடாது. தெருவில் நின்றே படித்துக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். ஏற்கெனவே ஒரு சாவு விழுந்த வீட்டில் கேட்கவே வேண்டாம்.

அக்கா சொன்னது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் சபைத் தலைவர், ஒரு பெல்ஜியக் கிழவர், மே மாதக் கடைசியில் செத்துப்போயிருந்தார். அதை அறிவிக்கும் சுற்றறிக்கையாக இருக்கும், எனக்கும் ஒரு பிரதி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மகளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த நாட்களில் எதுவுமே தோன்றவில்லை. சோற்றைப் போட்டால் தின்றேன், விளக்கை அணைத்தால் படுத்தேன்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. பந்தல் பிரித்தார்கள். தம்பி உடையார்பாளையம் போய்விட்டான். நான் மட்டும் பத்து மணிக்கு வாசலில் நின்றேன். செல்லதுரை தூரத்திலேயே கையை விரித்துவிட்டுப் போனார். ஜூன் மாதம் அப்படியே தீர்ந்தது. கமிட்டியில் யாராவது முட்டுக்கட்டை போட்டிருப்பார்கள் என்று ஒரு நாள் நினைத்தேன். பிரெஞ்சுக்காரர்கள் என்று மறுநாள் நினைத்தேன். மகள் மோர் கொண்டுவந்து வைப்பாள். “என்னப்பா வரணும் ஒங்களுக்கு?” என்று ஒரு தடவை கேட்டாள். “ஒரு ஆபீஸ் கடிதம்” என்றேன். “ஓ” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இருபத்தெட்டாம் நாள் தந்தி வந்தது. ‘தங்கள் துயரத்தில் சபை பங்குகொள்கிறது. ஆறாம் தேதிக் கடிதத்தில் கேட்டபடி மாத இறுதிக்குள் சம்மதம் கிடைக்காததால், துணைத் தலைமைச் செயலாளர் பதவி வேறொருவருக்கு அளிக்கப்பட்டது. தங்கள் இப்போதைய பதவிக்காலம் டிசம்பரோடு முடிகிறது.’

தந்தியை இரண்டு தடவை படித்தேன். பிறகுதான் என் மரமண்டைக்கு எட்டியது. தலைவர் செத்ததும், முப்பது நாளைக்குச் சபையிலிருந்து போகும் எல்லாக் கடிதங்களும் கறுப்புக் கரை போட்ட உறையில்தான் போக வேண்டும் என்று ஓர் உத்தரவு போனது. ஐரோப்பாவில் அது மரியாதை. விலக்கு எதுவும் இல்லை என்று கடைசி வரி. அந்த உத்தரவை எழுதியவன் நான்தான். கையெழுத்தும் என்னுடையதுதான். கறுப்பு மையைக் கண்டாலே கிழித்துப் போடும் ஊரில் பிறந்தவன், அதை எழுதும்போது ஊரை ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

லீலாவதி கிணற்றடியில் அம்மாவின் புடவைகளை அலசிக்கொண்டிருந்தாள். ஏழைகளுக்குக் கொடுக்க அக்கா எடுத்து வைத்தவை. நான் போய் நின்றதும் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். தந்தியை நீட்டினேன். ஈரக் கையோடு வாங்கிப் படித்தாள். ஆங்கிலம் அவளுக்கு நன்றாக வரும்.

“நீ கிழிச்சது தலைவர் செத்த கடிதம் இல்லை” என்றேன். “உனக்குப் புரியாமப் போயிருக்கும்.”

“புரிஞ்சுதுப்பா.”

“என்ன புரிஞ்சுது?”

“ஒங்களுக்குப் பெரிய வேல குடுத்திருக்காங்கன்னு. அஞ்சு வருஷம்னு போட்டிருந்துச்சு. படிச்சுட்டுத்தான் கிழிச்சேன். அத்தைகிட்டதான் பொய் சொன்னேன்.”

அவள் குரலில் பயம் இல்லை. சண்டைக்கு நிற்கிறவள் குரலும் இல்லை. ரிஜிஸ்டரில் எழுதியதைப் படித்துக் காட்டுகிறவள் மாதிரி சொன்னாள். ஓர் அதிகாரிக்கு வந்த கடிதத்தை அழிப்பது எங்கள் சபையில் வேலையை விட்டு நீக்கும் குற்றம். அந்த விதியும் நான் எழுதியதுதான். அதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. அதை நினைக்க இன்று வெட்கமாக இருக்கிறது.

“என்கிட்ட கொடுத்துட்டு, போகாதீங்கப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அவள் புடவையைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டி முடிகிற வரைக்கும் பிழிந்தாள்.

“ஏப்ரல்ல ஒங்களுக்கு ஒரு லெட்டர் போட்டேன். அம்மாவுக்குத் தெரியாம. கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு, ஒடம்புக்கு முடியல, நீங்க வரணும்னு இங்கிலீஷ்ல எழுதினேன். நீங்க எல்லா லெட்டரையும் திருத்தி அனுப்புவீங்கல்ல, அதையும் அனுப்புனீங்க. சிவப்பு மையில நாலு தப்பு போட்டிருந்தீங்க. கீழ ‘முன்னேற்றம் தெரிகிறது’ன்னு எழுதியிருந்தீங்க.”

எனக்கு அந்தக் கடிதம் ஞாபகமில்லை. எத்தனை முயன்றும் வரவில்லை. மகளின் ஆங்கிலம் கெடக் கூடாது என்று அவள் எழுதுவதையெல்லாம் வாத்தியார் மாதிரி திருத்தி அனுப்புவேன். கோப்புகளுக்கு நடுவில், வரி வரியாக, தப்பை மட்டும் பார்த்துக்கொண்டு போவேன். செய்தியைப் பார்த்திருக்க மாட்டேன். அவள் பொய் சொல்கிறாள் என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

“அந்தக் கடுதாசி கைக்கு வந்திருந்தா போயிருப்பீங்களாப்பா?” என்று கேட்டாள்.

அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு ஜெகதாம்பாளுக்குப் பதினோராம் நாள். கருமாதிகூட ஆகவில்லை. இருந்தும் அன்று மாலையே நான் தந்தி ஆபீஸுக்குப் போய் ‘சம்மதம்’ என்று அடித்திருப்பேன். மகளைக் கான்வென்ட் ஹாஸ்டலிலோ அக்கா வீட்டிலோ விடுவதற்கு ஏற்பாடு செய்திருப்பேன். அந்த ஏற்பாடு ரொம்ப ஒழுங்காகவும் இருந்திருக்கும்.

“போயிருப்பேன்” என்றேன்.

“தெரியும்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இருபத்தெட்டு நாள் வராதது, கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு வந்தது. அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்துவிட்டு, “அழட்டும், அழட்டும்” என்று வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். லீலாவதி பயந்துபோனாள். ஈரக் கையால் என் தோளைத் தொட்டாள். நான் வந்ததிலிருந்து அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“அழாதீங்கப்பா. அம்மா கஷ்டப்படாமத்தான் போனாங்க. கடைசியா ஒங்களத்தான் கேட்டாங்க” என்றாள்.

நான் அழுதது அவள் அம்மாவுக்காக இல்லை. கைக்கு எட்டியிருந்த அந்த ஐந்து வருஷத்துக்காக அழுதேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. அவள் என் தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.