நாலு அடுக்குக் காசோலை

எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள் சுகுமாறன். மேடை ஏறிவிட்டால் மட்டும் வாரி வாரி வழங்குவார், வாயால். மாசாய் ஊரில் லாரி கம்பெனி, சொந்தப் பேரில் ஓர் அறவாரியம், பேருக்கு முன்னால் 'டத்தோ' பட்டம் போட்டுக்கொள்ளத் தீராத ஆசை, இவ்வளவும் அவருக்கு உண்டு. வருடம் தவறாமல் பக்கத்து இடைநிலைப்பள்ளிக்கு வெல்டிங் பட்டறை கட்ட ஐம்பதாயிரம் ரிங்கிட் கொடுப்பார். கொடுப்பது வெறும் மாதிரிக் காசோலைதான். ஆள் அகலத்துக்குப் பலகையில் அடித்து, நாலு பேர் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டிப் படம் எடுப்பார்களே, அதேதான். நிஜக் காசோலை ஒருமுறைகூட அந்தப் பள்ளி வாசலை மிதித்ததில்லை.

அந்தப் பலகையைச் செய்து கொடுத்தவள் பிரேமலா. பெரிய ரோட்டோரம் பேனர், ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறாள். முதல் வருடம் மட்டும்தான் சுகுமாறன் பலகைக்குக் காசு கொடுத்தார். மறு வருடமே, "புதுப் பலகை எதுக்கு? பழசு மேலயே ஒட்டும்மா. தேதிய மட்டும் மாத்து" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் 2022 மேல் 2023 ஏறியது, அதன் மேல் 2024.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். பிரேமலாவின் ஆத்திரம் மட்டும் ஆறவே இல்லை. காரணம் அவள் மகள் பிரவீனா. 2022 மேடையில் அந்தப் பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற மூன்றாம் படிவ மாணவி அவள்தான். வெல்டிங் படித்துவிட்டு பாசிர் கூடாங்கில் கப்பல் கட்டும் இடத்தில் வேலைக்குச் சேர வேண்டும் என்று அப்போதே சொல்லிக்கொண்டிருந்தவள். வெளியூர்த் தொழிற்கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்திருந்தது. சுகுமாறன் மைக்கைப் பிடித்து, "நம்ம புள்ளைங்க எதுக்கு வெளியூர் போகணும்? அடுத்த வருஷம் இங்கயே பட்டறை வந்துரும். முதல் இடம் இந்தப் புள்ளைக்குத்தான்!" என்று முழங்கினார். அதோடு விட்டாரா? மார்க்கர் பேனாவை நீட்டி, பலகையிலேயே அவளைக் கையெழுத்துப் போடவும் வைத்தார். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. பிள்ளை நம்பினாள். தாயும் நம்பினாள். கல்லூரி இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார்கள்.

நாலாம் படிவம் போனது, ஐந்தாம் படிவமும் போனது, பட்டறை வரவில்லை. இன்று பிரவீனா தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறாள். காலையில் அவள் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டாலே பிரேமலாவுக்கு வயிறு எரியும்.

இந்த வருடமும் சுகுமாறன் கடைக்கு வந்தார். "இந்தத் தடவ கல்வி இலாகாவுலேர்ந்து பெரிய அதிகாரி வராங்க. பளிச்சுனு இருக்கணும் லா. வழக்கம்போல பழசு மேலயே ஒட்டிரு."

"சரிங்கண்ணே. செஞ்சுரலாம்."

இவ்வளவு பணிவாக அவள் பேசியதே இல்லை. புத்தி உள்ள மனிதனாக இருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பான்.

அன்று மதியம் பிரேமலா கடைக்கதவைச் சாத்திக்கொண்டாள். ஹேர் டிரையரால் சூடு காட்டி ஒவ்வொரு ஸ்டிக்கராகக் கிழியாமல் உரித்தாள். அடியில் 2022 வந்தது. 'பிரவீனா' என்று மகளின் உருண்டைக் கையெழுத்து, இத்தனை நாள் ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படாததால் நேற்றுப் போட்டது போல இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மற்ற ஸ்டிக்கர்களின் பசை மேல் முகப்பவுடரைத் தூவினாள், தொட்டால் கழன்றுவிடும்படி. பிறகு பழைய வரிசையிலேயே ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி, எல்லாவற்றுக்கும் மேலே 2025ஐ வைத்தாள்.

நிகழ்ச்சியன்று பலகையை அவளே மண்டபத்துக்குக் கொண்டுபோனாள்.

"அண்ணே, மேல கண்ணாடி மாதிரி ஒரு தாள் ஒட்டியிருக்கேன், அழுக்குப் படாம இருக்க. மேடையில நீங்களே இந்த ஓரத்தப் புடிச்சு இழுங்க. படம் அம்சமா விழும்."

"பேஷ்! மூளைக்காரிதான் நீ!"

சுகுமாறன் ஒரு கையால் அதிகாரியின் கையைக் குலுக்கிக்கொண்டு, மறு கையால் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். 2025 முழுசாகக் கையோடு வந்துவிட்டது. பலகையில் 2024. அதே பட்டறை, அதே ஐம்பதாயிரம்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். அடுத்த ஓரத்தைத் தானே நகத்தால் தூக்கி இழுத்தார். 2023. பின்வரிசை மாணவர்கள் உரக்க வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னொரு இழுப்பு. "ரெண்டாயிரத்து இருபத்திரெண்டு!" என்று மண்டபமே கத்தியது. அத்தனை கைப்பேசிகளும் மேடையை நோக்கி உயர்ந்தன.

"பட்டறை எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்கலாமா?" என்று அதிகாரி மலாய் மொழியில் கேட்டார். சுகுமாறன் கையிலிருந்த ஸ்டிக்கரைக் கசக்கி எறிந்தார். மேடையை விட்டு இறங்கியவர் நேரே பிரேமலாவிடம் பாய்ந்தார்.

"என்னடி செஞ்சு வச்சிருக்க?"

"நீங்கதானேண்ணே பழசு மேலயே ஒட்டச் சொன்னீங்க?"

அடுத்த வாரம் நிஜக் காசோலை பள்ளி முதல்வரின் மேசைக்கு வந்தது. அதிகாரி கூடவே நின்றார். படமெடுக்க ஒருவரும் இல்லை. அன்று மாலையே சுகுமாறன் கடைக்கு வந்தார். பிரேமலா திரும்பத் தூக்கி வந்திருந்த பலகை கடை வாசலில், ரோட்டைப் பார்த்தபடி, மகளின் கையெழுத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று படித்தார்கள். பிரேமலாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க இனித்தது.

"எவ்வளவு வேணும்னாலும் தரேம்மா. அதக் கழட்டிக் குடுத்துரு."

"கையெழுத்துப் போட்டவகிட்டதான் கேக்கணும். எட்டு மணிக்கு வேல முடிஞ்சு வருவா. உக்காருங்க."

"எட்டா? இப்ப அஞ்சுதான ஆகுது?"

"எம் மக மூணு வருஷம் காத்திருந்தாண்ணே."

சுகுமாறன் வேறு வழியில்லாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்து வியர்வையைத் துடைத்தார். பிரேமலா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள்.