பாதித் தூர்

செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் மருமகள் தெருவைக் கடந்து ஓடினாள். எதிர்வீட்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவள் மூச்சு வாங்கச் சொன்னாள்:

"வெள்ளிக்கதிர்ப் புல்லு ரெண்டு தூர். அதுக்கு மேல செம்புத்தாளும் தர்றாராம். உங்க ஊதாவுல பாதி குடுத்தாப் போதுமாம், சின்ன மாமா."

திரைச்சீலைக் கடை வைத்திருந்த பெரியவர், ஊதாப் புல்லின் காய்ந்த தாள்களை விரலால் கோதி எடுத்துக்கொண்டிருந்தார். செம்புத்தாள் என்றதும் விரல் நின்றது. கண் பளிச்சிட்டு உடனே அணைந்தது. வளையல் கடைக்காரரின் மகளான அவளுக்கு அந்தப் பளிச்சு அத்துப்படி. சரக்கு பிடித்துவிட்டது, இனி ஆள் கடையை விட்டுப் படியிறங்க மாட்டான்.

"பூட்டு ரொம்ப இறங்கி வர்றானே," என்றார். "மழை விழட்டும்னு சொல்லு. பூத்து நிக்கிறப்ப பிரிச்சா அதுவும் போச்சு, இதுவும் போச்சு."

பூட்டு என்பது அவள் மாமனார். பூட்டுக்கடை முதலாளியாக இருந்தவர். பதிலுக்கு இவரை அவர் திரை என்பார். கடைகளைப் பிள்ளைகளிடம் விட்ட பிறகு இருவரும் புல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரே நர்சரியில் சீமைப் புல் வாங்கித் தண்ணீருக்கு அழுதுகொண்டிருக்க, இவர்கள் கால்வாய்க் கரையிலும் மலைச்சரிவிலும் யாரும் சீந்தாத புல்லைத் தோண்டி வந்து வாசலில் நட்டார்கள். உரம் வைத்தால் கொழுத்துச் சாயும், வைக்காதே. வருஷத்துக்கு ஒரு தடவை மொட்டையடி. அவ்வளவுதான் வைத்தியம். புதிதாக வந்த தபால்காரர் ஆளில்லாத வீடு என்று திரும்பிப் போனதும் உண்டு. ஊதா மட்டும் திரையிடம்தான் இருந்தது. அது கிடைத்த சரிவை வெட்டிச் சாலை போட்டுவிட்டார்கள். பாதித் தூருக்கு மாமனார் அன்றிலிருந்து பேரம் பேசுகிறார்.

"மழை வர இன்னும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நேற்று மாமனாரைப் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது டாக்டர் சொன்ன கணக்கில் மழைக்காலம் சேர்த்தி இல்லை.

மாமனார் தன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லியிருந்தார். அங்கிருந்து பார்த்தால் ஊதா தெரியும்.

"கண்ணு பளிச்சுன்னுச்சா?" வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது.

"ஆமா மாமா. செம்புத்தாள்னதும்."

"மாட்டினான்." ஒட்டிய கன்னத்தில் ரத்தம் ஏறியது. "செம்புத்தாள் கிடையாதுன்னு போய்ச் சொல்லு."

"இப்பத்தானே தர்றேன்னீங்க?"

"அதனாலதான்."

கட்டில் காலருகே உட்கார்ந்திருந்த கணவன், "நான் வேணா போய்க் கேட்டு வாங்கிட்டு வரவாப்பா?" என்றான்.

"நீயா? அவன் சொல்ற விலையக் குடுத்துட்டு, மேல தேங்க்ஸும் சொல்லிட்டு வருவ. உன் பொண்டாட்டி போகட்டும்."

ஓடினாள். இன்றைக்கே முடித்துவிடலாம் என்று நினைத்தாள். ஒரு கதிராவது அவர் கைக்கு எட்ட வேண்டும்.

"கிடையாதா?" திரை எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப வெள்ளிக்கதிர் மொத்தமும் வேணும். வரிசையோட."

"சின்ன மாமா, அவருக்கு நேரம் இல்ல. தெரிஞ்சேதான் இழுக்கறீங்களா?"

அவர் ஒரு காய்ந்த தாளை உருவினார். "பேரம் பாதியில நிக்கிறப்ப அவன் எழுந்து போயி நான் பார்த்ததே இல்லம்மா."

காற்றில் ஊதாக் கதிர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

"வரிசையோட," என்று அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "சரி, கேட்டுட்டு வர்றேன்."

அதற்குப் பிறகு அவளும் தன் பங்குக்குக் கூட்டிச் சொன்னாள். "வரிசையோட, பூவாளியும் சேர்த்துக் கேக்கறார் மாமா."

"பூவாளியா? வெக்கங்கெட்ட பய." மாமனார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். நேற்று முழுக்க எதையும் தொடாதவர் இரண்டு மடக்குப் பால் குடித்தார். "அவன் வீட்டுக் கேட்டையும் கழட்டித் தரச் சொல்லு."

மதியம் முழுக்க அவள் தெருவில்தான் இருந்தாள். கேட்டு, கேட்டுக்கு மேல் விளக்கு, விளக்குக்குப் பதில் மண்வெட்டி.

வெயில் சாயும்போது அவள் ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். திரை மண்வெட்டியை எடுத்து ஊதாவின் நடுவில் இறக்கினார். பாதித் தூரை வேரோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, கதிர் ஒடியாமல் அவள் கையில் வைத்தார்.

"சும்மா தர்றேன்னு சொல்லு."

கட்டிலுக்குப் பக்கத்தில் அதைப் பிடித்தபோது ஒரு கதிர் மாமனாரின் மணிக்கட்டில் உரசியது. கண் திறந்தார். கதிரை விரலிடுக்கில் நுழைத்து மெல்ல உருவினார். வேரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"என்ன கேக்கறான்?"

"ஒண்ணும் வேணாமாம்."

மாமனார் ஜன்னல் வழியே எதிர்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா வர்ற சரக்கு எனக்கு வேணாம். திருப்பிக் குடுத்துடு. மழைக்கு நானே வந்து பேசறேன்னு சொல்லு."

தூரைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினாள். திரை தோண்டிய குழிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"மழைக்கு அவரே வந்து பேசறாராம்."

"சொன்னானா?" அவர் முகம் முழுக்க விரிந்தது. "அவன் லேசுல படிய மாட்டான், எனக்குத் தெரியும்." சாக்கைப் பிரித்து, முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

அவள் திரும்பினாள். எதிரே திறந்திருந்த ஜன்னலில் கணவன் குனிந்து நின்று, அப்பாவின் கண்களை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தான்.

திரை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மறுபடி குழிக்குள் குனிந்தார்.

"செம்புத்தாளையும் கேப்பேன். சொல்லிடு," என்றார்.

இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடம் விட்டு, மண்ணை அணைத்துக்கொண்டிருந்தார்.