கழுவாத இறைச்சி

என் கணவர் மஃரூப் மௌத்தானபோது நான் அழவில்லை. வோபர்னில் எங்கள் வீட்டு முன்னறை நிறைய உட்கார்ந்திருந்த பெண்கள் ஓதுவதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். நான் ஒரு தரம் ஓவென்று கத்தியிருந்தால் அவர்களுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, முழு உடம்பும் அப்படிக் கிடந்தது. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டினேன்.

அப்படி ஆட்டியதில் இரண்டு விஷயங்கள் முடிவாகிவிட்டன. கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்ததும், இந்த வீட்டை விற்றுவிட்டு நான் காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பிறம்ரனில் மகன் ஸாஹித்தோடு போய் இருப்பது. ஃபெரட்டுகள் இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடுவது.

ஃபெரட் என்றால் கீரிப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மஃரூப் பராமரித்த அப்பார்ட்மென்ற் கட்டடத்தில் யாரோ வாடகைக்காரர் இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்தபோது, கூட்டையும் இவற்றையும் விட்டுவிட்டுப் போனார். என் மனிதர் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கறுத்ததற்குத் தொதல் என்றும் வெள்ளைக்குப் பாயாசம் என்றும் பெயர் வைத்தார். சீனி வியாதிக்காரர், பெயரிலாவது இனிப்பு இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு அவற்றைக் கண்ணிலும் காட்டக்கூடாது. சொக்ஸைக் களவெடுத்து சோபாவுக்கு அடியில் ஒளித்து வைக்கும் பிராணிகளை யாருக்குப் பிடிக்கும்?

மருமகள் இஸ்ரத்துக்குப் பூனை மயிர் பட்டாலே மூச்சு இழுக்கும். ஆகவே ஃபெரட்டுகள் பிறம்ரனுக்கு வர முடியாது. ஸாஹித் தேடிப் பிடித்தது ஸ்டெபனி என்ற பெண்ணை. அஜின்கோர்ட்டில் இருக்கிறாள். கைவிடப்பட்ட ஃபெரட்டுகளை வீட்டில் வைத்து வளர்க்கிறாள். அவள் வீட்டில் எல்லாம் பச்சை இறைச்சிதான், பைக்கற்றில் வரும் உலர்ந்த தீனி கிடையாது. எங்களுடையதுகளோ அந்தத் தீனியைத் தவிர வேறொன்றையும் சாப்பாடு என்றே ஒத்துக்கொள்ளாத ஜாதி. முதலில் இறைச்சிக்குப் பழக்குங்கள், பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"உம்மா, நீங்கள் எப்பிடியும் வீட்டிலதானே இருக்கிறீங்கள்," என்றான் ஸாஹித். "பழக்கி விடுறீங்களா?"

தலையை ஆட்டினேன்.

எப்படிப் பழக்குவது என்று ஸ்டெபனி சொன்னதையெல்லாம் அவன் எனக்குத் தமிழில் வொய்ஸ் மெசேஜாக அனுப்பினான். தீனியை இறைச்சிச் சாற்றில் ஊற வை. இறைச்சியை அரைத்துத் தீனியோடு பிசை. ஆறியதை வைக்காதே, இளஞ்சூடாக வை. விரலில் தொட்டு உதட்டில் தடவு, நக்கும்போது ருசி பிடிபடும். பட்டினி மட்டும் போடாதே, தாங்காது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸாஹித் ஹலால் கடைக் கோழியைக் கொண்டுவந்து ஃபிரிஜ்ஜில் வைத்தான். நான் அரைத்தேன், பிசைந்தேன், சூடாக்கினேன், தடவினேன். தொதல் மோந்து பார்த்துவிட்டு, தன் கழிவை மூடுவதுபோல் பின்காலால் பறண்டிக் காட்டிவிட்டுப் போகும். பாயாசம் தீனியை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு இறைச்சியைக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும். சின்ன வயதில் ஸாஹித் கறிவேப்பிலையை ஒதுக்குவது இப்படித்தான். எனக்குக் கோபமும் வரவில்லை, கவலையும் வரவில்லை. அடுத்த நாளும் அதையே செய்தேன். செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

அயலில் இருந்து வரும் சாப்பாடும் இப்படித்தான் மேசையில் கிடந்தது. புரியாணி, இடியப்பம், கஞ்சி. இரண்டு வாய் வைத்துவிட்டு மூடிவிடுவேன்.

ஒருநாள் வீடியோவில் பாயாசத்தைக் காட்டச் சொன்னாள் ஸ்டெபனி. ஸாஹித் ஃபோனைப் பிடித்தான். அவள் திடுக்கிட்டுப் போனாள். வாய் ஏன் மஞ்சளாக இருக்கிறது, ஈரல் பழுதாகிவிட்டதா, உடனே டொக்டரிடம் கொண்டு போங்கள் என்றாள்.

"அது மஞ்சள்தூள்," என்றேன் நான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"இறைச்சிக்கு மஞ்சள் போட்டனீங்களா உம்மா?"

"போடாமல்? கழுவவேணுமே."

கோழி என்றால் கையில் எடுத்ததும் மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி, தேசிக்காய்ப் புளி விட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுவேன். பிறகுதான் அது இறைச்சி. அதற்கு முன்னால் அது கடையில் கிடந்த ஒன்று. பச்சையாகக் கொடு என்றால் அவிக்காமல் கொடு என்றுதானே அர்த்தம். கழுவாமல் கொடு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று ஸ்டெபனிக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்று எனக்கும் தெரியவில்லை.

ஸாஹித் அதை ஸ்டெபனிக்கு விளங்கப்படுத்தினான். நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை. அந்த இரத்த வாடைதான் இவற்றுக்குச் சாப்பாடு, அதையல்லவா குழாயில் விட்டிருக்கிறீர்கள் என்றாள். புளிப்பு மணம் பட்டால் ஃபெரட் கிட்டவும் வராதாம்.

அடுத்த நாள் ஸ்டெபனி சொன்னபடி செய்தேன். பொதியை வெட்டி, கழுவாமல், அப்படியே கையை விட்டேன். வழுவழுவென்று குளிர்ந்து கிடந்தது. செட்டைத் துண்டொன்றையும் கொஞ்சம் ஈரலையும் கோப்பையில் வைத்தேன். கை கழுவத் திரும்புவதற்குள் தொதல் வந்துவிட்டது. ஒரு தரம்தான் மோந்தது. எலும்பைக் கடித்த சத்தம் குசினிக்குள் நொறுக்கென்று கேட்டது. பாயாசம் ஓடிவந்து மற்றப் பக்கத்தால் பிடித்து இழுத்தது. இரண்டும் ஒரு துண்டை வைத்துக்கொண்டு இழுபறிப்பட்டன. இத்தனை நாளும் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்ததுகள் இவைதானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் முடித்தோம் என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம் வந்தது. இனி இதுகள் போய்விடும். இதுகள் போனால் வீடு விற்கும் ஏஜன்ற் வந்து வீட்டைப் படம் பிடிப்பான். நானும் ஒரு பெட்டியோடு பிறம்ரனுக்குப் போவேன். எல்லாம் என் தலையாட்டலோடு நடந்துவிடும்.

பின்னேரம் ஸாஹித் ஃபோன் எடுத்தான்.

"எப்பிடி உம்மா, சாப்பிட்டுதுகளா?"

"இல்லை மகன்."

"கழுவாமல் குடுத்தனீங்களா?"

"கழுவாமல்தான் குடுத்தன். மோந்து பாத்திட்டுப் போகுதுகள்."

நான் பொய் சொல்லும் ஆளில்லை. அதுவும் இத்தாவில் இருந்துகொண்டு. ஆனால் அன்றைக்கு எனக்குப் பசித்தது. யாரோ கொண்டுவந்த சோற்றைச் சுடவைத்து, கோப்பை காலியாகும்வரை சாப்பிட்டேன்.

அதன்பிறகு அது எங்கள் மூன்று பேருக்குள் இருந்தது. காலையில் கோழி இதயம், பின்னேரம் செட்டை. ஸாஹித் வரும் சனிக்கிழமைகளில் கோப்பையில் உலர்ந்த தீனியைக் கொட்டி வைப்பேன். வயிறு நிறைந்ததுகள் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டா. "தீனியும் சாப்பிடேல்லையே," என்று அவன் கவலைப்படுவான். ஃபெரட்டுகளின் மயிர் பளபளவென்று வந்துகொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. கவனிக்கிற பிள்ளையாக இருந்தால் என்னையும் கவனித்திருப்பானே என்று நினைத்துக்கொண்டேன். அது பிழையான நினைப்பு. அவனும் தகப்பனை இழந்த பிள்ளை. ஒவ்வொரு வேலையாக முடித்துக்கொண்டு போனால் துக்கமும் முடிந்துவிடும் என்று ஓடிக்கொண்டிருந்தான்.

இத்தா முடியப்போகிற வாரம் ஸ்டெபனி நேரில் வந்தாள். சாப்பாட்டில் நுணுக்கம் பார்க்கிறதுகளைப் பழக்குவதில் எனக்கு அனுபவம் இருக்கிறது, நானே ஒருதரம் கொடுத்துப் பார்க்கிறேன் என்று ஸாஹித்திடம் சொல்லியிருந்தாள். சின்னக் கூலரில் இறைச்சி கொண்டுவந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து மெதுவாகத் தலையைச் சாய்த்தாள். நேரே கூட்டருகே போய், கோப்பையைப் பார்க்காமல் கழிவுத் தட்டைப் பார்த்தாள்.

அதை நான் யோசிக்கவே இல்லை. தீனி தின்னும்போது தட்டு நிறையக் கிடக்கும், முன்னறைவரை மணக்கும். இறைச்சிக்கு மாறிய பிறகு கொஞ்சமாகத்தான் போகின்றன, மணமும் இல்லை. எனக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாதா? அவள் தட்டைக் கீழே வைத்தாள். தொதலைத் தூக்கி வயிற்றைத் தடவினாள். கூலரைத் திறக்கவே இல்லை.

பிறகு என்னைப் பார்க்காமல் ஸாஹித்திடம் கேட்டாள், உன் அம்மா இவற்றைத் தானே வைத்துக்கொள்ள விரும்புகிறாரா என்று.

முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். அவள் கேட்டது எனக்கு விளங்கியது. நானே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஸாஹித்தின் வாயில் இருந்து அந்தக் கேள்வி வரட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் ஸ்டெபனியைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். காது சிவந்துகொண்டு வந்தது.

"உம்மா," என்றான். "உங்களுக்கு இதுகள் வேணுமா?"

"ஓம்."

"அப்ப, பிறம்ரன்?"

"நான் வரேல்லை மகன்."

"தனிய என்ன செய்யப் போறீங்கள்? வாப்பா இல்லாமல் இந்த வீட்டில..."

"அதுக்குத்தான்," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நான் உன்ர வீட்டில வந்து இருந்தனெண்டா, வாப்பா இஞ்ச இருக்கிறார், நான்தான் விட்டிட்டு வந்திட்டன் எண்டு நினைச்சுக்கொண்டே இருப்பன். அவர் இல்லையெண்டு நான் இஞ்ச இருந்துதான் பழகவேணும்."

மஃரூப் இல்லை என்று நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. ஸாஹித் குசினிக் கதிரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். ஸ்டெபனி கூலரையும் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வாசல்வரை போய் நின்றாள். நான் அவன் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஆனால் அவன் தலையின் சூடு எனக்குத் தெரிந்தது.